டம்ளரைக் கீழே வைக்கும் வரை

கண்ணா,

வியாழக்கிழமை காலையில் உன் செய்தி வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் படித்தேன். "அப்பா என்கிட்ட மன்னிப்பு கேக்கணும். கேட்டாதான் கல்யாணப் பத்திரிகைல உங்க ரெண்டு பேர் பேரும் வரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லிடுங்க. இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுட்டு நானும் கீர்த்தனாவும் பெங்களூர் கிளம்பிடறோம். இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லம்மா." கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அலுப்புதான் வந்தது. பொழிச்சலூர் போய்ப் பெண் பார்த்து, கூடுவாஞ்சேரியில் மண்டபத்துக்குச் சொல்லி, பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது மட்டும் பாக்கி இருக்கிற நேரத்தில் இப்படி ஒரு செய்தி. அரிசி பாதி களைந்தபடியே கிடந்தது. நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் அதைக் காட்டவில்லை. அவர் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு மாதமாக உங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்து ஓய்ந்துபோய்விட்டேன். "உன் புள்ளகிட்ட சொல்லு" என்று அவர், "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்று நீ. எனக்கும் வயதாகிறது. முட்டி வலிக்கிறது. போனில் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ ஒரு வார்த்தை தட்டி அனுப்ப என்னால் முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. படிக்க முடியாவிட்டால் வைத்துவிட்டுப் பிறகு படி.

முடிச்சூர் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம் வந்து, கீழ்வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற மழை நினைவிருக்கிறதா? நீ கல்லூரியில் கடைசி வருஷம். அரிசி, பருப்பு, ஸ்டவ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாடி அறைக்குத் தூக்கிவந்தோம். மின்சாரம் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, படகு வருமா என்று பகலெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அவசரத்தில் பிஸ்கட் டப்பா என்று நினைத்து நான் பத்திரமாகத் தூக்கிவந்த டப்பாவை உன் அப்பா பசியோடு திறந்தார். உள்ளே முழுக்கப் புளியங்கொட்டை. வருஷப் புளி வாங்கிக் கொட்டை எடுத்து, எதற்கும் ஆகாது என்று தெரிந்தும் தூக்கிப் போட மனசில்லாமல் நான் சேர்த்து வைத்தது. அவர் என்னை முறைத்த முறைப்பைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் சீட்டுக்கட்டை எடுத்து, "ரம்மி போர் அடிக்குதும்மா, போக்கர் சொல்லித் தரேன்" என்றாய். "காசு வெச்சு ஆடறதெல்லாம் நம்ம வீட்ல வேணாம்" என்றார் அவர். "காசு எதுக்குப்பா? அதான் இவ்ளோ புளியங்கொட்டை இருக்கே" என்றாய் நீ. நான் தவறிப்போய்த் தூக்கிவந்த அந்த டப்பாதான் நம் வீட்டுச் சூதாட்டத்துக்கு முதல் போட்டது.

ஆளுக்கு இருநூறு விதை. கையில் வந்த சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் ஒன்றும் இன்னொருவர் இரண்டும் நடுவில் வைத்தாக வேண்டும். பிறகு ஆளுக்கு இரண்டு சீட்டு. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டு பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்று சீட்டை எறிந்துவிடலாம். அதன்பின் நடுவில் பொதுவாக மூன்று சீட்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறை சீட்டு திரும்பும்போதும் மறுபடி பேச, ஏற்ற, பின்வாங்க இடமிருக்கும். எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான். முதலில் வந்த இரண்டு சீட்டை வைத்து யாருடைய கதையும் முடிந்துவிடாது.

சீட்டைக் கலைத்துப் போடுவது என் வேலை என்று ஆனது. கையில் எப்போதும் டீ டம்ளர் இருக்கும். இதில் உன் அப்பா செய்த கூத்து ஒன்று உண்டு. டீயை எட்டி எடுக்கும்போதெல்லாம் முழங்கையால் தன் விதைகளை நடுவில் தள்ளிவிடுவார். "தள்ளினா தள்ளினதுதான்பா" என்று நீ, "நான் எங்கடா தள்ளினேன், கை பட்டுடுச்சு" என்று அவர். சண்டை முற்றி இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அந்தச் சின்ன அறையில் நான் எங்கே போவேன்? அதனால் ஒரு சட்டம் போட்டேன். "நான் டம்ளரைக் கீழ வெக்கற வரைக்கும் யாரு வேணா தள்ளினத திரும்ப எடுத்துக்கலாம். டம்ளர் கீழ வந்துட்டா அப்பறம் ஒரு பேச்சும் கிடையாது." சீட்டைத் திருப்ப வேண்டுமானால் எனக்கு இரண்டு கையும் வேண்டும், டம்ளரை வைத்தாக வேண்டும். "கிளப்புல போய் இதச் சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றாய். சிரிக்கட்டும். வெள்ளம் வடிந்து கீழே வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்தச் சட்டப்படிதான் ஆடினோம். டீ இல்லாத நாளில் வெறும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ எப்படி ஆடுவாய் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டுக்கொள். கொஞ்சம் நல்ல சீட்டு வந்தால் போதும், நடுவில் ஒரு சீட்டுகூடத் திரும்பாத நிலையில் உன் விதை அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளிவிட்டு "ஆல்-இன்" என்பாய். நடுவில் கிடப்பது மூன்றே மூன்று விதை. அதைப் பிடிக்க இருநூறையும் தள்ளுவாய். "எதுக்குடா இப்படி?" என்று கேட்டால் காரணம் வைத்திருப்பாய். "பயந்தவங்க எறிஞ்சிடுவாங்கம்மா. அப்படியே யாராவது வந்தாலும் அஞ்சு சீட்டும் திரும்பும், எனக்கும் சான்ஸ் இருக்கு. நடுவுல யாரும் என்ன குழப்ப முடியாது." கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் எறிந்துவிடுவேன். நீ மூன்று விதையை வாரிக்கொண்டு, உன் சீட்டைக் காட்டாமலே கட்டுக்குள் செருகிவிடுவாய். ஆனால் கையில் நிறைய விதை இருக்கும்போது அப்படித் தள்ளினால் சின்னச் சீட்டுக்காரன் எல்லாம் விலகிப் போவான், உன்னைவிடப் பெரிசாக வைத்திருப்பவன் மட்டும்தான் எதிரே வந்து நிற்பான் என்பதையும் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். சொல்லிக்கொடுத்ததை நீயே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோவாவில் என்ன ஆனது? லீவு போட்டு, இரண்டு மாதம் ஆயத்தம் செய்து, பெரிய போக்கர் போட்டி என்று போனாய். எல்லார் முன்னாலும் விதை மலைமாதிரி குவிந்திருந்த முதல் மணி நேரத்திலேயே தள்ளினாய். எதிரே இருந்தவரிடம் இரண்டு ஏஸ், இருக்கிறதிலேயே பெரிய சீட்டு. "டீ வர்றதுக்குள்ள வெளிய வந்துட்டேம்மா" என்று போனில் சொல்லிவிட்டு, "ஆனா நான் ஆடினது கரெக்ட்தான்" என்றும் சொன்னாய். மறுநாள் நீ வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் உனக்குத் தெரியாது. முதலாவது, நான் உன் கையைப் படிப்பேன். தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வுபெற்றவள் நான். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ஓட்டை வழியாக யாருடைய முகமும் சரியாகத் தெரியாது, உள்ளே நீள்கிற கை மட்டும்தான் தெரியும். அவசரமா, குடித்திருக்கிறானா, சில்லறை இல்லாமல் நிற்கிறானா என்று கையே சொல்லிவிடும். உன் சீட்டு நிஜமாகவே நன்றாக இருந்தால் நீ விதையை அப்படியே குவியலாகத் தள்ளுவாய். கையில் ஒன்றும் இல்லாதபோது மட்டும், தள்ளுவதற்கு முன் நாலைந்து விதைகளை எடுத்து விரலால் வரிசையாக அடுக்குவாய், பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி. அது தெரிந்தும் நான் எறிந்துவிட்டிருக்கிறேன். ஜெயிக்கும்போது உன் முகம் நன்றாக இருக்கும், அதற்காகத்தான்.

இரண்டாவது, உன் அப்பா. நீ தள்ளும்போதெல்லாம் அவர் "நான் வரேன்" என்று தன் விதையையும் தள்ளிவிடுவார். கையில் ஏழும் இரண்டும் இருக்கும், அதைவிட மோசமான சீட்டு அந்த ஆட்டத்திலேயே கிடையாது என்று நீயே எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாய். "யாராவது இத வெச்சுக்கிட்டு வருவாங்களாப்பா?" ஒரு தடவை நடுவில் இன்னொரு இரண்டு விழுந்து அவர் ஜெயித்தே விட்டார். நீ சீட்டை விசிறிவிட்டு எழுந்து போனாய். மற்ற தடவைகளில் எல்லாம் தோற்றுக் காலியாகி, என்னிடம் கடன் கேட்பார். வறட்டுப் பிடிவாதம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் நீ இல்லாதபோது கேட்டேன், "ஏங்க, தோத்துடுவோம்னு தெரிஞ்சே எதுக்கு வரீங்க?" என்று. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எறிஞ்சிட்டா அவன் கைல என்ன இருக்குன்னே காட்ட மாட்டேங்கறான். எதிர்ல போனாலாவது திருப்பிக் காட்டுவான் இல்ல" என்றார். அந்த மனுஷர் உன் சீட்டைப் பார்ப்பதற்காகத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது, நாலு மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு. பாதிச் சாப்பாட்டில் நீ நிமிர்ந்து, "நான் வேலைய விட்டுட்டேன். இனிமே போக்கர்தான். ஒத்துக்கிட்டா இந்த வீட்ல இருக்கேன், இல்லன்னா இப்பவே கிளம்பறேன்" என்றாய். ஏன் விட்டாய், எப்போது விட்டாய், அடுத்து என்ன, ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பில் இருநூறும் நடுவில். உன் அப்பா உன்னையே பார்த்தார். "கிளம்பு" என்றார். நீ கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, பெரும்பாக்கத்தில் உன் நண்பர்கள் இருக்கிற அறைக்குப் போய்விட்டாய். நான் உன் தட்டை எடுத்தேன். தட்டு விளிம்பில், சாம்பாரில் இருந்து எடுத்த கறிவேப்பிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அடுக்கியிருந்தன. தட்டைத் தேய்க்கப் போட மனசே வரவில்லை.

அன்றைக்கே எனக்குத் தெரியும், உன் கையில் ஒன்றும் இல்லை என்று. என்ன இல்லை என்பதுதான் தெரியாது. போன வாரம் கீர்த்தனா வந்திருந்தாள். புடவைக்கு அளவு ரவிக்கை கொடுக்க வந்தவள், நான் சாதாரணமாக ஏதோ சொல்லப்போக, "அத்தை, அவர் எங்க வேலைய விட்டாரு? ஆபீஸ்ல ஆள் குறைக்கறப்ப இவரையும் சேர்த்து அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் திட்டாதே. அழுதுவிட்டாள் அந்தப் பெண். "எனக்கும் நாலு நாள் கழிச்சுதான் சொன்னாரு அத்தை. அதுவும் 'கேள்வி கேக்கறதா இருந்தா இப்பவே பிரிஞ்சிடலாம்'னு ஆரம்பிச்சுட்டுதான் சொன்னாரு" என்றாள். எங்களிடம் தள்ளியதும் போதாதென்று அவளிடமும் தள்ளியிருக்கிறாய். அவள் எறிந்துவிட்டுப் போகாமல் இருந்தது உன் அதிர்ஷ்டம். ஒவ்வொரு தடவையும் அப்படி இருப்பாள் என்று நினைக்காதே.

வேலை போனதில் என்னடா வெட்கம்? இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் போயிருக்கிறது. "வேலையை விட்டேன்" என்று சொன்னால் ராஜாமாதிரி இருக்கிறது, "அனுப்பிட்டாங்க" என்று சொன்னால் தலை குனிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே? அந்தக் குனிவை எங்களிடம் காட்டாமல் யாரிடம் காட்டப்போகிறாய்? எனக்கு உன்மேல் இருக்கிற ஒரே வருத்தம் இதுதான்.

நீ தள்ளுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோமே, டாக்டர் ஆபரேஷனுக்கு உடனே முடிவு சொல்லச் சொன்னார். சித்தப்பா "இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்" என்றார். நீதான் "எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்டுப் போட்டாய். விதை குறைந்து, நேரமும் இல்லாமல் போனபின் யோசித்துக்கொண்டிருந்தால் கரைந்தே போய்விடுவோம், அப்போது தள்ளுவதுதான் ஆட்டம் என்று நீ சொல்வாய். அன்று அப்படித்தான் இருந்தது. உன் அப்பா இன்று மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நீ அன்று தள்ளியதால்தான். அதை நானும் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. ஆனால் இப்போது யாருக்கு என்ன குறைந்துவிட்டது? உன் முன்னால் மலைமாதிரி குவிந்திருக்கிறது. அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், கீர்த்தனா வரப்போகிறாள், உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. இதையெல்லாம் ஒரு 'ஸாரி' என்கிற மூன்று விதைக்காகவா நடுவில் தள்ளுவாய்?

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் சொல்கிறேன். வீட்டில் தினமும் ஏதாவது வரும். காஸ் தீர்ந்துபோகும், அவள் அம்மா ஏதாவது சொல்வாள், நீ ஏதாவது கேட்காமல் இருப்பாய். அதற்கெல்லாம் 'இருக்கறதா இல்லையா' என்று ஆரம்பித்தால் எந்தப் பெண்ணும் களைத்துப்போவாள். இரண்டு விதை வை. அவள் என்ன செய்கிறாள் பார். நடுவில் சீட்டு திரும்பட்டும். அதற்குள் உன் மனசும் மாறலாம், அவள் மனசும் மாறலாம். இத்தனை வருஷமாக நானும் உன் அப்பாவும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பெரிசாக ஜெயிக்கவில்லை, ஆனால் இன்னும் மேஜையை விட்டு எழுந்து போகவில்லை.

கீர்த்தனா சொன்னதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏர்போர்ட் பக்கம் இறங்குகிற விமானம் ஒன்று தலைக்குமேல் போய் முடியும் வரை காத்திருந்துவிட்டு, "வேல போச்சுப்பான்னு சொல்லியிருந்தா நான் போன்னு சொல்லியிருப்பேனா?" என்று கேட்டார். பிறகு, என்னிடம் சொல்வதா தனக்குத்தானே சொல்லிக்கொள்வதா என்று தெரியாத குரலில், "கைல இருக்கறத காட்டுவான்னு நெனச்சுதான் கிளம்புன்னு சொன்னேன். காட்டாமலே எழுந்து போயிட்டான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அன்று அவர் கையிலும் ஏழும் இரண்டும்தான் கண்ணா. உன்னைவிடப் பெரிசாக எதுவும் இல்லை. ஒன்றுமில்லாதவன் தள்ளினான், ஒன்றுமில்லாதவர் வந்தார், நடுவில் நான் இரண்டு பேருக்கும் தபால் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவர் மன்னிப்புக் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் கேட்பார். ஆனால் மிரட்டிக் கேட்கவைத்தால், நீ வாரிக்கொண்டு போவது வெறும் மூன்று விதைதான். நேற்று மார்க்கெட்டில் நமக்கு வாடிக்கையாக மீன் தருகிற அக்கா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ரெண்டு துண்டு மட்டும் வாங்கினு போற? புள்ளயக் காணோமே, வூட்ல இல்லியா?" என்று கேட்டாள். "வந்துடுவான்" என்றேன். "வந்தா சொல்லு, வஞ்சிரத் தல எடுத்து வெக்கறேன்" என்றாள். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆமாவா இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் சொல்ல மாட்டேன். நான் ஆடுகிறவள் இல்லை, சீட்டுப் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா. வந்து, "வேல போயிடுச்சுப்பா" என்று மட்டும் சொல். அவ்வளவுதான் நீ வைக்க வேண்டியது. அப்புறம் அவர் முறை, அவர் என்ன வைக்கிறார் என்று பார்ப்போம். அனுப்பிய செய்தியை அழித்துவிடு. உன் அப்பா அதைப் பார்க்கவில்லை, பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை, இன்னும் எதுவும் திரும்பவில்லை. தள்ளியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளடா, நம் வீட்டில் அதற்கு இடமுண்டு. நான் வலது கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டீ எப்போதோ ஆறிவிட்டது. டம்ளர் இன்னும் என் இடது கையில்தான் இருக்கிறது.

அம்மா